வகுப்பறையில் யார் கை ஓங்குகிறது? – 'தி சாக்லெட் வார்' கேள்வி பதில்

ராபர்ட் கார்மியர் 1974-ல் எழுதிய நாவல் இது. அமெரிக்காவில் டிரினிட்டி என்றொரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. பள்ளி நிதிக்காக 20,000 பெட்டி சாக்லெட் வந்து இறங்குகிறது, ஆளுக்கு 50 பெட்டி விற்றாக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஜெர்ரி விற்க மாட்டேன் என்கிறான். பள்ளி நூலகத்தில் வருஷக்கணக்காகப் பையன்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் நான். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையில் பதில் சொல்கிறேன். முடிவையும் பேசுவேன், இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

டீச்சர், ஆர்ச்சி யாரையும் கை நீட்டி அடிப்பதே இல்லை. அப்புறம் ஏன் எல்லாரும் அவனுக்கு நடுங்குகிறார்கள்?

அடிக்காததால்தான். அவனும் டிரினிட்டி மாணவன்தான், இருப்பது 'விஜில்ஸ்' என்ற மாணவர்களின் ரகசியக் கூட்டத்தில். அங்கே தலைவன் கார்ட்டர், குத்துச்சண்டைக்காரன். ஆனால் யாருக்கு என்ன வேலை என்று முடிவு செய்வது ஆர்ச்சி. கூபர் என்ற சாதுப் பையனுக்கு அவன் கொடுக்கும் வேலையைப் பாருங்கள். 19-ம் எண் வகுப்பறையில் இருக்கும் மேஜை, நாற்காலி அத்தனையின் திருகாணிகளையும் கழற்ற வேண்டும், ஆனால் விழாமல் நிற்க வேண்டும். ராத்திரியில் தனியாக உட்கார்ந்து, விரல் வலிக்கத் திருகித் திருகி, பாதிகூட முடியாமல் அழுகிறான். பிறகு விஜில்ஸ் ஆட்கள் வந்து கைகொடுத்து முடிக்கிறார்கள். காலையில் யாரோ தொட்டதும் அறையே சரிகிறது. அந்த வகுப்பு ஆசிரியர் அதோடு உடைந்துபோகிறார்.

இப்போது குற்றவாளி யார்? கூபர் தன்னைத்தான் நினைத்துக்கொள்கிறான். அடி வாங்கியவனுக்கு அடித்தவன் மேல் கோபம் வரும். ஏவப்பட்டவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வருகிறது, அதனால் வாயைத் திறக்க மாட்டான். ஆர்ச்சியின் பலம் முழுக்க இதில் இருக்கிறது.

இன்னொன்று, அந்தக் கறுப்புப் பெட்டி. உள்ளே ஆறு கோலிக்குண்டு: ஐந்து வெள்ளை, ஒன்று கறுப்பு. வேலை கொடுத்ததும் ஆர்ச்சி கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் அந்த வேலையை அவனே செய்ய வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது நியாயமாகத் தெரிகிறது. அந்த நியாயத் தோற்றம்தான் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறது.

என் பையனுக்கு 12 வயது. கொடுக்கலாமா மேடம்?

முதலில் நீங்கள் படியுங்கள். கொடுத்துவிட்டு அவனைத் தனியாக விடாதீர்கள். 14-க்கு மேல் என்றால் எனக்கு நிம்மதி.

வாத்தியார்களுக்குத் தெரியாமலா இவ்வளவும் நடக்கும்?

தெரிந்துதான் நடக்கிறது. அங்கே பாடம் நடத்தும் துறவி பிரதர் லியான், பெய்லி என்ற மாணவனை வகுப்பின் முன்னால் நிறுத்தும் இடத்தை மறுபடி படியுங்கள். நல்ல மார்க் வாங்கும் பையன். காப்பியடித்துத்தான் வாங்கினாய் என்கிறார். கையிலிருக்கும் குச்சி அவன் கன்னத்தில் படுகிறது. வகுப்பு முதலில் சிரிக்கிறது, பிறகு மௌனமாகிறது. ரொம்ப நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் எழுகிறது. உடனே லியான் திரும்பி, பெய்லிதான் உண்மையானவன், இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருந்த நீங்கள் இந்த அறையை நாஜி ஜெர்மனி ஆக்கிவிட்டீர்கள் என்கிறார். சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. கொடுமை செய்தவரே பாடமும் நடத்திவிட்டுப் போகிறார். சாக்லெட் விற்க விஜில்ஸிடம் உதவி கேட்டுப் போவதும் இதே ஆள்தான்.

1857-ல் வந்த 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' பற்றி?

ரக்பி பள்ளிக் கதை. ஃப்ளாஷ்மன் சின்னப் பையனைக் கணப்பு நெருப்பில் வாட்டுகிறான், கடைசியில் பள்ளியை விட்டு அனுப்பப்படுகிறான். கெட்டவன் வெளியேறினால் பள்ளி சுத்தம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. கார்மியரிடம் அது கிடையாது.

எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஏற்றதா?

மேலே சொல்லிவிட்டேன். முதலில் நீங்கள் படியுங்கள்.

கடைசியில் ஆர்ச்சி ஏற்பாடு செய்த குத்துச்சண்டையில் ஜெர்ரி அடிபட்டுக் கிடந்து, அவர்கள் சொல்வதைச் செய்துவிடு என்று கூபரிடம் சொல்கிறான். இது பிள்ளைகளுக்கு அடிபணியக் கற்றுக்கொடுக்கும் புத்தகம்தானே?

இல்லை. இதற்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல பதிப்பாளர்கள் இந்த முடிவை மாற்றச் சொன்னார்கள், கார்மியர் மறுத்துவிட்டார். 1988-ல் படமாக எடுத்தவர்கள் மாற்றினார்கள், கறுப்புக் குண்டு ஆர்ச்சி கையில் வந்து அவனே மேடையேறுகிறான். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஒருத்தன் அடி வாங்கியதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாக ஆகிவிடுகிறது.

(அதே நபர்) அப்படியென்றால் நம்பிக்கை எங்கே இருக்கிறது டீச்சர்? கார்மியரின் மகனே நிஜத்தில் பள்ளிச் சாக்லெட்டை விற்க மறுத்தாராமே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே!

ஆமாம், அங்கிருந்துதான் நாவலே பிறந்தது. ஆகியிருந்தால் என்று அப்பா யோசித்தார். நம்பிக்கையை ஜெர்ரியிடம் தேடாதீர்கள், பார்த்துக்கொண்டிருந்த 400 பையன்களிடம் தேடுங்கள். சண்டைக்குச் சீட்டு வாங்கியது அவர்கள். எந்தக் குத்து விழ வேண்டும் என்று சீட்டில் எழுதியதும் அவர்கள்.

(இன்னொருவர்) நான் அவர் கட்சி. மனம் நொந்த பிள்ளை இதைப் படித்தால் இன்னும் நொந்துவிடாதா?

நொந்துவிடும். அதனால்தான் தனியாக விடாதீர்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். ஆனால் பொய்யான முடிவைக் கொடுத்தால், நிஜத்தில் தோற்ற பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

என் மகளை வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. என்ன நாவல் கொடுக்கலாம்?

அம்மா, நாவல் அப்புறம். இன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள், வகுப்பு ஆசிரியரை நேரில் பாருங்கள். மிரட்டல், அடி என்று இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

11 வயதுக்கு…

வயதுக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

உங்களை மிகவும் உலுக்கிய இடம்?

கூபர் 27 பெட்டி விற்றதும், ஜெர்ரிக்காக யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறான். விஜில்ஸ் கணக்கில் அவன் பேருக்கு நேரே 50 என்று போட்டுவிடுகிறார்கள். பொய் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய்விடுகிறான்.