ஒயிட்போர்டில் கறை போகவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். "புதுசு வாங்கிவிடலாமா?" என்று கேட்கிற பலருக்கு அதற்கு அவசியமே இல்லை. போர்டைக் கெடுப்பது பெரும்பாலும் மை இல்லை, நாம் துடைக்கிற விதம்தான்.

கே: முந்தின நாள் எழுதியது நிழல் மாதிரி அப்படியே நிற்கிறது. ஆயா தினமும் ஈரத்துணியில் விம் பவுடர் தொட்டுத் துடைக்கிறார். (ஆசிரியை, மஞ்சக்குப்பம்)

பவுடரை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆயாவைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஒயிட்போர்டு மார்க்கர் மையில் நிறமியும், சட்டென ஆவியாகும் ஆல்கஹாலும், கூடவே எண்ணெய்ப் பதமான ஒரு பொருளும் உண்டு. அந்தப் பொருள்தான் மையைப் பலகையில் பிடிக்கவிடாமல் மேலாக நிறுத்தி வைக்கிறது. டஸ்டர் பட்டதும் அழிவது அதனால்தான். பவுடரோ கம்பி நாரோ போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சில் நுண்ணிய கீறல்கள் விழும், மை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் கூடும்.

உங்கள் போர்டு எந்த வகை என்று தெரிய ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் மெலமைன், அதாவது பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சு போட்ட பலகை. விலை குறைவு என்பதால் பலரும் வாங்குவது இது, சீக்கிரம் நிழல் விழுவதும் இதில்தான். எனாமல் (கண்ணாடி மாதிரி இறுகிய பூச்சு) பூசிய தகடு பல வருஷம் தாங்கும்.

எந்த வகையானாலும், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை (இனி ஸ்பிரிட் என்கிறேன்) பழைய பனியன் துணியில் நனைத்து, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். துணி கறுத்ததும் மடிப்பை மாற்றுங்கள். கறுத்த பக்கத்தாலேயே துடைத்தால் மை இங்கிருந்து அங்கே போகுமே தவிர, போர்டை விட்டுப் போகாது. பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, கடைசியில் காய்ந்த துணி. வாரம் ஒரு தடவை போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி கூடாது. ஸ்பிரிட் சட்டெனத் தீப்பிடிக்கும்.

இன்னொன்று: வெள்ளிக்கிழமை எழுதியதை அழிக்காமல் வகுப்பைப் பூட்டாதீர்கள். திங்கட்கிழமைக்குள் மை இறுகிவிடும். டஸ்டரையும் அடிக்கடி சோப்பு நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். விம்மால் ஏற்கெனவே விழுந்த கீறல் இனி மறையாது, ஆனால் நிழல் பெருமளவு குறையும்.

கே: மீட்டிங்கில் ஒருவர் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டார். பெயிண்டில் கலக்கும் தின்னர் போட்டுத் துடைக்கலாமா? (அலுவலக மேலாளர், லாஸ்பேட்டை)

தின்னர் வேண்டாம், நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். இரண்டும் மேல்பூச்சையே அரித்துவிடும். அந்த எழுத்தின் மேலேயே கறுப்பு ஒயிட்போர்டு மார்க்கரால் அழுத்தி எழுதி, மை காய்வதற்குள் துடையுங்கள். புது மையில் இருக்கிற ஆல்கஹால் பழைய மையை இளக்கிவிடும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். மிச்சத்துக்கு ஸ்பிரிட்.

கே: சரஸ்வதி பூஜைக்குப் போர்டில் வைத்த மஞ்சள் பொட்டு போகவே இல்லை. (டியூஷன் சென்டர், நெல்லிக்குப்பம்)

மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் லேசில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். முதலில் காய்ந்த துணியால் பொடியைத் தட்டிவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஓரத்திலிருந்து நடுவாக ஒற்றி எடுங்கள். பூஜையை விட வேண்டாம். பொட்டை அலுமினிய ஃபிரேமில் வைத்தால் பலகைக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகள் படிக்கிற பலகைக்குப் பொட்டு வைப்பது நல்ல வழக்கம்.

கே: தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிறதே?

அந்த நேரத்துக்கு ஆகும். அப்புறம் எண்ணெய்ப் படலத்தில் மார்க்கர் வழுக்கும், தூசியும் ஒட்டும். சானிடைசர் ஜெல்லும் அப்படித்தான், பிசுக்கு விட்டுவிடும். ஏற்கெனவே தடவியிருந்தால் பாத்திரம் துலக்கும் லிக்விடு சில சொட்டு கலந்த தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் ஒரு தடவை, பிறகு காயவிடுங்கள்.

கே: 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளத்தில் நனைந்த போர்டு, கீழ்ப்பக்கம் உப்பியிருக்கிறது. சரிசெய்ய முடியுமா? (கடலூர்)

முடியாது என்றே சொல்ல வேண்டும். மெலமைன் போர்டில் பின்னால் இருப்பது மரத்தூளில் செய்த பலகை. தண்ணீர் குடித்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. உப்பிய பகுதியை அறுத்துவிட்டு ஓரத்தை அடைத்தால், மேல்பாதியைச் சின்ன போர்டாகப் பயன்படுத்தலாம். அடுத்து வாங்கும்போது எனாமல் தகடு போர்டு பாருங்கள். கடலோர ஊர் என்பதால் வெட்டு ஓரங்களில் உப்புக்காற்று பட்டுத் துருவேறும், ஃபிரேம் ஓரத்தை முழுதாக மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஈரம் ஏறும் சுவராக இருந்தால், பின்னால் சின்ன கட்டைகள் கொடுத்துச் சுவரை ஒட்டாமல் மாட்டச் சொல்லுங்கள்.

கே: புது மார்க்கர்கூட இரண்டே நாளில் மங்கிவிடுகிறது. (முத்தியால்பேட்டை)

மூடியை 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். டப்பாவில் நட்டுக்குத்தலாக நிறுத்தாமல் படுக்கவைத்து வையுங்கள். தலைகீழாக வைத்தால் முனையில் மை தேங்கிக் கசியும், முனை மேலே பார்த்தால் காய்ந்துபோகும்.