இரண்டடியிலிருந்து ஐந்தடிக்கு: உப்புநீர்த் தொட்டியைப் பெரிதாக்கும் முன்

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி க்ளௌன் மீனும் கொஞ்சம் மென்பவளமும் நன்றாக இருக்கின்றன. இப்போது 5 x 2 x 2 அடியில் பவளத் தொட்டி வைத்து ப்ளூ டேங் என்ற நீல மீனை வளர்க்க ஆசை. வீடு இரண்டாவது மாடி. பெரிய தொட்டிதான் பராமரிக்கச் சுலபம் என்கிறார் கடைக்காரர். மாதச் செலவு எப்படி இருக்கும்?"

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. தண்ணீர் அதிகமாக இருந்தால் வெப்பமும் உப்பளவும் சட்டென்று ஏறி இறங்காது. ஆனால் வேலை குறையாது.

முதலில் தரை. அந்த அளவுத் தொட்டி சுமார் 565 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட், கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு டன். அது வெறும் 10 சதுர அடியில் உட்காரும். குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோதான். சுவரோரம், பீமுக்கு மேலே வைத்தால் தாங்கக்கூடும். அதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

அடுத்து தண்ணீர். லிட்டருக்கு 37 கிராம் என்று வைத்தால் முதல் நிரப்புதலுக்கே 20 கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். வாரம் 60 லிட்டர் மாற்றினால் மாதத்துக்கு 9 கிலோ. தினமும் 6 லிட்டராவது ஆவியாகும், அதற்கு உப்புக் கலக்காத நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆக, வாரத்துக்கு நூறு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். லாரித் தண்ணீர் வாங்கும் வீடு என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான செலவு கரண்ட். தொட்டி 26 டிகிரியில் நிற்க வேண்டும், சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஃபேன் மட்டும் போதாது. சில்லர், விளக்கு, பம்ப், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்ந்து கோடையில் தினம் 10 யூனிட் வரை போகலாம். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். வீட்டு உபயோகமும் சேர்ந்தால் மேல் ஸ்லாபுக்குத் தாவிவிடுவீர்கள்.

கரண்ட் போனால்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தென்சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மீன்கள் முதலில் சாவது சூட்டினால் அல்ல, ஆக்சிஜன் இல்லாமல். தண்ணீரைக் கலக்கிக் காற்றுச் சேர்க்கும் ஒரு அலை பம்பை, 20 அல்லது 30 வாட்தான், தனியாக இன்வர்ட்டரில் இணைத்து வையுங்கள். 150 ஏ.ஹெச். பேட்டரி அதை ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். தொட்டி வாங்கக் காசிருந்து இதற்கு இல்லையென்றால் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

இனி பவளம். கடின பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும், 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. "இம்போர்ட்" என்று பில் போட்டுக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நுண்ணுயிர்கள் வாழும் கல்லை லைவ் ராக் என்று விற்பதிலும் வெட்டியெடுத்த பவளப்பாறை கலந்திருக்கலாம். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மேலெல்லாம் நட்சத்திரம்போலக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தால் அது பவளத்தின் எலும்புக்கூடு. செயற்கைக் கல் கிடைக்கிறது, அது போதும். இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. ஸோவாஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு விலையுயர்ந்த விளக்கோ, கால்சியம் ஊற்றும் டோசிங் கருவியோ தேவையில்லை. அந்தப் பணத்தைச் சில்லருக்குத் திருப்பிவிடலாம்.

ப்ளூ டேங் விஷயத்தில் மட்டும் ஏமாற்றம்தான். கடையில் விரல் நீளம் இருக்கும் குட்டி, ஓரடி வரை வளரும், நாளெல்லாம் நீந்தும். ஐந்தடி அதற்குக் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மீனை விட்டுவிட்டால் 4 x 1.5 x 1.5 அடி உங்களுக்குத் தாராளம். சுமார் 255 லிட்டர், எடை பாதிக்கும் கீழே, சில்லரும் சின்னதாகப் போதும். க்ளௌன் மீன் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். ஆகவே ஊருக்குப் போகும் நாளில் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஒருவரை இப்போதே பழக்கிவிடுங்கள்.

மாற்றும்போது பழைய கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் புதிய தொட்டிக்குக் கொண்டுபோகலாம். பழைய மணல் வேண்டாம், கிளறினால் அதிலுள்ள அழுக்கு மீனுக்கு விஷமான அம்மோனியாவாக ஏறும். கல்லையும் பஞ்சையும் மொத்தமாக மாற்றாமல் பாதி பாதியாக மாற்றுங்கள், அதுவரை மீன்கள் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும். புதியதில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிலையாக நின்ற பிறகு மீன்களை விடுங்கள்.