மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: ஆபரேஷனைவிட அடுத்த ஆறு வாரம்தான் முக்கியம்

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு மூன்று வயது. கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கு மார்பகம் பெரிது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இன்னும் கனத்துவிட்டது. கழுத்து, தோள், முதுகு வலிக்கு மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. பிரா பட்டை பதிந்து இரண்டு தோளிலும் பள்ளம். வெயில் வந்தால் மார்புக்கு அடியில் புண். ஆபரேஷன் செய்து குறைக்கலாம் என்கிறார் டாக்டர். "இதெல்லாம் சினிமாக்காரங்க செஞ்சுக்கிறது" என்கிறார் மாமியார். தழும்பு தெரியுமா? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? – பெயர் வேண்டாம்.

பதில்:

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கென்றே 2018-ல் இலவச கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். அரசு செலவில் அழகு சிகிச்சையா என்று அப்போது பேச்சு கிளம்பியது. ஆனால் தோள்வலியும் முதுகுவலியும் தாங்காமல் மார்பகத்தைக் குறைத்துக்கொள்ள வரும் சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் அங்கே உண்டு. சினிமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தோள் பள்ளம், கழுத்து வலி, மடிப்புக்குள் புண். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் இந்தச் சிகிச்சைக்கு வருபவர்கள் வழக்கமாகச் சொல்பவைதான். இப்படிப்பட்ட பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. எடை குறைப்பு, பிசியோதெரபி, விசேஷ பிரா எதுவும் அவர்களுக்கு நிரந்தர நிவாரணம் தரவில்லை, அறுவை சிகிச்சைதான் தந்தது என்று அதில் தெரியவந்தது. ஆகவே பிசியோதெரபியில் வலி போகவில்லை என்றால் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லையோ என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

இருந்தாலும் முடிவெடுக்கும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். பெரிய கப் அளவு இல்லாத கடையில் சுற்றளவைக் கூட்டி ஒரு பிராவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கீழ்ப்பட்டை தொளதொளவென்று ஏறிக்கொள்ளும், மொத்தக் கனமும் தோள்பட்டையில் தொங்கும். கீழ்ப்பட்டை இறுக்கமாகவும் தோள்பட்டை அகலமாகவும் உள்ள சரியான அளவை இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள். அதிலேயே நிம்மதி கிடைத்து, இது போதும் என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. மடிப்புப் புண்ணுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமை மட்டும் தடவாதீர்கள். நாலு நாள் அடங்கி, அப்புறம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். தோல் டாக்டரிடம் காட்டி, புண் ஆறிய பிறகுதான் ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டும்.

தேதி குறிக்கும் முன் இன்னும் சில விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். தாய்ப்பால் நிறுத்தி குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எடை சில மாதங்களாக ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் வயதுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் போதும். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையோ நாட்டு மருந்தோ எடுப்பவர்கள் அதையும் மறைக்கக் கூடாது. ரத்தம் உறைவதைப் பாதிக்கும் எதையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும்.

சரி, ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்?

காலையில் உங்களை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுவதில்தான் வேலையே தொடங்குகிறது. படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் நின்றபடிதான் வரைய முடியும். கழுத்துக்குக் கீழே இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவில் ஒரு குழி இருக்கிறதல்லவா? அங்கிருந்து முலைக்காம்பு வரை டேப்பால் அளப்பார்கள். சராசரி உடல்வாகில் இது 20 செ.மீ.யை ஒட்டி இருக்கும். பெரிய மார்பகத்தில் 30-ஐத் தாண்டியிருப்பது சாதாரணம். மார்புக்கு அடியிலுள்ள மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்தில் முலைக்காம்புக்கான புதிய இடத்தைக் குறிப்பார்கள்.

முழு மயக்கத்தில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் பிடிக்கும். கூடுதலாக இருக்கும் தோல், கொழுப்பு, பால் சுரப்பித் திசு மூன்றையும் எடுப்பார்கள். முலைக்காம்பை வெட்டி எடுத்து ஒட்டவைப்பார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். வழக்கமான முறையில் அப்படி இல்லை. ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் ஒரு திசுத் தண்டோடு சேர்த்தே அதை மேலே ஏற்றிவைக்கிறார்கள். மார்பகம் மிக மிகப் பெரிதாக இருந்து, அவ்வளவு நீளத் தண்டுக்கு ரத்தம் எட்டாது என்றால்தான் தனியாக எடுத்து ஒட்டும் முறை. அந்த முறையில் பாலூட்ட முடியாது, உணர்ச்சியும் பெரும்பாலும் போய்விடும். உங்களுக்கு எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எடுத்த திசுவை வலது, இடது என்று தனித்தனியாக எழுதிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தழும்பு இருக்கும். 'தழும்பே தெரியாது' என்று ஒருவர் விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். முலைக்காம்பைச் சூழ்ந்த கறுவட்டத்தைச் சுற்றி ஒரு கோடு, அங்கிருந்து நேராகக் கீழே ஒரு கோடு, அளவு அதிகம் என்றால் மடிப்போடு இன்னொரு கோடு. மொத்தத்தில் ஒரு நங்கூரம் மாதிரி. முதல் சில மாதங்கள் சிவந்து தடித்து, பார்க்கவே கவலையாக இருக்கும். மங்கி அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நம் மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் தழும்பு தடிக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். காது குத்திய இடத்திலோ அம்மை போட்ட இடத்திலோ உங்களுக்கு உருண்டையாகத் தடித்திருக்கிறதா? அதை டாக்டரிடம் காட்டுங்கள், கெலாய்ட் (அளவுமீறித் தடித்து வளரும் தழும்பு) வரும் உடம்பா என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். காயம் முழுதாக மூடியதும் சிலிகான் ஜெல் அல்லது பட்டை சில மாதங்களுக்குத் தருவார்கள். தையல் ஆறும் முன் மஞ்சள் பற்று, தேங்காய் எண்ணெய் எதுவும் படக் கூடாது. பாட்டி சொன்னாலும் சரி.

முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம். பலருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலே போகும், ஓரிருவருக்குக் கூடிப்போவதும் உண்டு. மூன்றாவது குழந்தை பற்றி நீங்கள் எழுதவில்லை. அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள். காம்புக்கு அடியிலுள்ள திசுவை விட்டுவைக்கும் முறையில் பாலூட்டும் வாய்ப்பு உண்டு, ஆனால் பால் முழுதாகப் போதும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. கர்ப்பம் வந்தால் அளவும் மறுபடி மாறும். அவசரம் இல்லையென்றால் குழந்தை பெற்று முடித்த பிறகு செய்வதுதான் என் கட்சி. வலி தாங்கவே முடியவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

எவ்வளவு குறைக்கலாம் என்று பேசும்போது கப் எழுத்தைச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்த எழுத்து ஒவ்வோர் அளவு. தோள் அகலத்துக்கு எது பொருந்தும், ரத்த ஓட்டம் எதுவரை அனுமதிக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அளவு அமையும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் அப்படி இருக்காது, டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அடுத்தது வீடு. இந்தக் கடிதத்தில் நான் நிறையச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். பெண்கள் தியேட்டரை நினைத்துப் பயந்து தயாராகிறார்கள், வீட்டுக்கு வரும் ஐந்தாம் நாளுக்குத் தயாராவதில்லை. வலி முதல் இரண்டு மூன்று நாள்தான், மாத்திரைக்குக் கட்டுப்படும். ஐந்தாம் நாள் வலி குறைந்ததும் 'நான் நல்லாத்தானே இருக்கேன்' என்று அடுக்களைக்குள் போய்விடுவார்கள். தையல் பிரிவது அங்கேதான். நேர்க்கோடும் மடிப்புக் கோடும் சந்திக்கும் முக்கில் இழுவிசை அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. ஒழுங்காக இருப்பவர்களுக்கே அந்த இடம் சில சமயம் லேசாகத் திறந்து, கட்டுப் போட்டுப் போட்டு ஆற வாரக்கணக்கில் ஆகும்.

உங்கள் வீட்டில் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். மேல் பரணிலோ உயர அலமாரியிலோ இருக்கும் தினசரிச் சாமான்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவையுங்கள். குக்கர் தூக்குவது, மாவு அள்ளுவது, தேங்காய் துருவுவது, தண்ணீர் கேன் கவிழ்ப்பது, கொடியில் துணி காயப்போடுவது எல்லாம் ஆறு வாரத்துக்கு வேறொருவர் கையில். மூன்று வயதுப் பையன் 'தூக்கு' என்று வந்து நிற்பான், அதுதான் கஷ்டமான பகுதி. நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவன் பக்கவாட்டில் ஏறி வந்து உட்காரும்படி இப்போதே பழக்குங்கள். மடியில் ஒரு தலையணை இருக்கட்டும், இல்லாவிட்டால் மார்பில் மோதுவான்.

முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு வாங்கி வையுங்கள், கையை உயர்த்தாமல் போடலாம். தலைமுடியைப் பின்ன ஆள் வேண்டும். முதல் சில வாரம் மல்லாந்துதான் படுக்க வேண்டும், முதுகுக்கும் தலைக்கும் தலையணை கொடுத்துச் சற்றுச் சாய்வாக. இரவும் பகலும் கம்பியில்லாத சர்ஜிக்கல் பிராதான், நாலிலிருந்து ஆறு வாரம். மாற்றிப் போடக் குறைந்தது மூன்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் கூடாது, முட்டை கூடாது, தயிர் கூடாது, பருப்பு கூடாது என்று வீட்டில் பத்தியப் பட்டியல் நீளும். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, தயிர், மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வலி மாத்திரையில் மலம் இறுகும் என்பதால் தண்ணீரும் பழமும் கூடுதலாக.

படுத்தே கிடக்கவும் கூடாது. ஆபரேஷன் அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்கவைப்பார்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது அவசியம். உட்கார்ந்து பார்க்கும் கணக்கு வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். ஸ்கூட்டியை மட்டும் ஆறு வாரம் தொடாதீர்கள். திருப்பூர் ரோட்டுக் குழியில் ஹேண்டிலை இழுத்துப் பிடிக்கும்போது வரும் இழுப்பு அப்படியே தையலில்தான் இறங்கும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் அதே கணக்கு. கணவர் கொண்டுபோய் விடட்டும்.

முதலில் மார்பு மேலே தூக்கி, கொஞ்சம் சதுரமாகத் தெரியும். கண்ணாடியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வீக்கம் வடிந்து கீழே இறங்கி உருண்டையாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நல்ல விலை கொடுத்துப் புது பிரா வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள். நடுவில் சுருக் சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். நரம்பு விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கெட்டியாகக் கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் பெரும்பாலும் கெட்டிப்பட்ட கொழுப்பாக இருக்கும், ஆனாலும் டாக்டரிடம் காட்டித்தான் உறுதி செய்ய வேண்டும்.

மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கி வலிப்பது, முலைக்காம்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் நாற்றத்தோடு நீர் வடிவது: இதில் எது வந்தாலும் உடனே போன் செய்ய வேண்டும். கெண்டைக்கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ என்றால் போன்கூட வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் கொஞ்சம் போராட வேண்டியிருக்கும். பாலிசிகளில் அழகு சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி விலக்கு என்று ஒரு பொது விதி உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கும் அதில் விதிவிலக்கு இருக்கிறது. இதைச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். 'உடனடியான ஆபத்து' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்காரர்கள் மறுக்கப் பார்ப்பார்கள். அதனால் பிசியோதெரபி ரசீது, எலும்பு டாக்டர் சீட்டு, தோல் டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். உங்கள் நிறுவனத்தின் குரூப் பாலிசியையும் எச்.ஆரிடம் கேட்டுப் படியுங்கள், அதில் விதிகள் வேறாக இருக்கலாம். மறுத்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் விசாரிக்கலாம். தனியாரிடம் போனால் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். சொல்லும் தொகையில் மயக்க மருந்து, சர்ஜிக்கல் பிரா, திசுப் பரிசோதனை, தையல் திறந்தால் கட்டு மாற்றும் செலவு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எந்த மாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பள்ளி விடுமுறை, அம்மா வந்து தங்குவார் என்று பலர் மே மாதத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வெயிலில் இருபத்துநாலு மணி நேரமும் இறுக்கமான பிராவும் வியர்வையும் சேர்ந்தால், ஆறவேண்டிய மடிப்பு மறுபடி புண்ணாகும். மார்கழி, தை வாக்கில் வைத்துக்கொண்டு, அம்மாவை அப்போது ஆறு வாரத்துக்கு வரச்சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாமியாரே அடுக்களையை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் இன்னும் நல்லது. அவரையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.