புது வீடு, தத்து ஹஸ்கி: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். போன தை மாதம்தான் கூடுவாஞ்சேரியில் சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். பத்து வருட வாடகை வாழ்க்கையில் எந்த ஹவுஸ் ஓனரும் நாய் வளர்க்க விட்டதில்லை. இப்போது ஒரு காப்பகத்தில் மூன்று வயது ஆண் ஹஸ்கி ஒன்றைப் பார்த்தோம். ஃபிளாட்டில் வளர்த்தவர்கள், ஊளையிடுகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டை போட்டதால் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். கம்பி வழியாக என் விரலை நக்கியது, அன்றிலிருந்து அதே நினைப்புதான். வீட்டைச் சுற்றி நல்ல இடம் இருக்கிறது, காம்பவுண்ட் ஐந்தடி. இருவருமே வேலைக்குப் போகிறோம், கணவருக்கு மட்டும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. என் தம்பி, “குளிர் நாட்டு நாயைக் கொண்டுவந்து வதைக்காதே” என்று திட்டுகிறான். தத்தெடுக்கலாமா?
- ஒரு வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: முதலில் புது வீட்டுக்கு வாழ்த்துகள்மா. உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. ஹஸ்கிக் குட்டியைக் காசு கொடுத்து வாங்கப் போகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால், வேண்டவே வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெயிலுக்கு ஒத்துவராததால் இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத நாய்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியும் இருந்தது. ஆனால் நீங்கள் பார்த்த நாய் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறது, தகரக் கூரைக்குக் கீழே. அதை யாராவது நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அது நீங்களாகவும் இருக்கலாம். ஆனால் “சுற்றி இடம் இருக்கிறது” என்பதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

ஏனென்றால் ஹஸ்கிக்கு மே மாதத்தில் உங்கள் தோட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதற்கு வேண்டியது குளிர்ந்த ஓர் அறை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. அதனால் 40 டிகிரி பகலைப் போலவே, காற்றே இல்லாத ராத்திரியும் அதற்குக் கஷ்டம்தான். காப்பகம் ஒன்றில் நான் பார்த்த ஹஸ்கி தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழிந்த ஈரத்தில், சிமென்ட் தரையோடு வயிற்றை அப்பிக்கொண்டு, நான்கு காலையும் தவளை மாதிரி விரித்துப் படுத்திருந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்தும் அந்த ஈரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆகவே, பகல் முழுக்க ஏ.சி. ஓடினால் வரும் கரண்ட் பில்லை வீட்டுக் கடன் இ.எம்.ஐ.யோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஏ.சி. ஓடாது என்பதையும் மறக்காதீர்கள். நீங்கள் இருவரும் ஆபீஸில் இருக்கும் நாளில் மதியம் கரண்ட் போனால், சாவி வைத்திருக்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஓட்டம். சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்கவே வளர்த்த இனம் இது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரத்தில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பரவியபோது, நாய் வண்டிகள் மாற்றி மாற்றி 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஐந்தரை நாளில் ஓடி மருந்து சேர்த்தன, அதில் பேர் வாங்கியது ஹஸ்கிதான். இப்படிப்பட்ட நாயைச் சும்மா கட்டிப்போட்டால் சோபாவைக் கிழிக்கும், மண்ணைத் தோண்டும், ஊளையிடும். அந்த ஃபிளாட்டில் நடந்ததும் அநேகமாக இதுதான், அது நாயின் குற்றமில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம், ராத்திரி தரை ஆறிய பிறகு இன்னொரு முறை, வருஷம் முழுக்க உங்களால் கூட்டிப்போக முடியுமா என்று கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள், சில நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் சுடும்.

ஐந்தடிச் சுவர் போதாது, ஆறடியாவது வேண்டும். சுவரை ஒட்டி ஏ.சி. அவுட்டோர் யூனிட், பூந்தொட்டி, செங்கல் அடுக்கு எதுவும் இருக்கக் கூடாது, அதில் கால் வைத்து ஏறி அந்தப் பக்கம் குதித்துவிடும். கேட்டுக்கு அடியில் மண் இருந்தால் சிமென்ட் போட்டுவிடுங்கள். வெளியே போய்விட்டால் கூப்பிட்டவுடன் திரும்பி வரும் ரகம் இல்லை இது, அதனால் பெல்ட்டும் ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) இல்லாமல் தெருவில் இறக்கவே வேண்டாம். பக்கத்தில் கோழியோ பூனையோ வளர்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், துரத்திப் பிடிக்கும் குணம் ஹஸ்கிக்கு அதிகம்.

இவ்வளவுக்கும் சரி என்றால், உடனே தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல், இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று காப்பகத்தில் கேளுங்கள், அதுவும் கோடையில். கருத்தடை ஆகிவிட்டதா, ரேபிஸ் ஊசி எப்போது போட்டது, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று விசாரியுங்கள். கண்ணையும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், ஹஸ்கிக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வருவதுண்டு. கூட்டிவரும் முன் நகராட்சி அலுவலகத்தில் உரிமம் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். மாதத்துக்கு நான்கு ஞாயிறு காலை காப்பகத்துக்கே போய் அதை நடக்கக் கூட்டிப்போங்கள், அதுவும் அதற்குப் பெரிய உதவிதான். ஆனால் ஒருமுறை கைவிடப்பட்ட நாயை வீட்டுக்குக் கூட்டிவந்து ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஹஸ்கிக்குக் கோடையில் முடியை மொத்தமாக மழித்துவிடலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: கூடாது. உள்ளே பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, மேலே நீள முடி ஒரு அடுக்கு என்று இரண்டு இருக்கின்றன, மேல் முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் தோல் கருகும், மறுபடி ஒழுங்காக வளராமலும் போகலாம். அதற்குப் பதில் உதிரும் உள்முடியைத் தினமும் சீப்பால் வாரி எடுங்கள், காற்று உள்ளே போகும். அதிகமாக இரைத்து, எச்சில் ஒழுகி, ஈறு ரத்தச் சிவப்பாகித் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி ஃபேனைப் போட்டு முதலில் சூட்டைக் குறையுங்கள், அப்புறம் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: காப்பகத்திலிருந்து ஹஸ்கி கூட்டிவந்து மூன்று நாள் ஆகிறது. சரியாகச் சாப்பிடாமல் பாத்ரூமிலேயே படுத்திருக்கிறது. எங்களைப் பிடிக்கவில்லையோ?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அப்படி நினைக்காதீர்கள். இடம் புதுசு, வாசனை புதுசு, பயமாக இருக்கும். அதோடு வீட்டிலேயே குளிர்ச்சியான தரை பாத்ரூம்தானே. அதைப் பிடித்து இழுக்காமல் தண்ணீரையும் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துவிட்டு, நீங்கள் வாசல்படியில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பொதுவாக வீடு பழக மூன்று வாரம், முழுசாக ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் ஆகும். ஆனால் தண்ணீரும் குடிக்கவில்லை, உடம்பு சுடுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் காத்திருக்காமல் இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.