வாசகர் கேள்வி – பதில்: சோவைன் எங்கே, காடு எங்கே?

கச்சின் மலைப்பக்கம்தான் காடு அடர்த்தி என்கிறார்கள். ஆனால் பிள்ளையின் புத்தகப் படத்தில் அரசு ரிசர்வ் காடு என்று பச்சை அடித்திருப்பது பெகு யோமா மலைத்தொடர் நெடுக. எதை நம்புவது?
— வாசகர், தாட்டோன்

இரண்டையும் நம்பலாம். ரிசர்வ் காட்டுக்குப் பர்மியச் சொல் சோவைன். அதையே பிரித்துப் பாருங்கள். 'சோ' என்றால் கயிறு, 'வைன்' என்றால் வட்டம். கயிறு கட்டி வளைத்த இடம்தான் சோவைன். கயிற்றுக்குள் மரம் நிற்கிறதா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

வளைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள், வளைத்தது தேக்குக்காக. 1826-இல் தெனாசரிம் அவர்கள் கைக்குப் போனதும் மோல்மினுக்கு மேலே அத்தரான் ஆற்றுத் தேக்கைக் கணக்கில்லாமல் வெட்டித் தீர்த்தார்கள். 1852 போரில் பெகு கிடைத்தபோது அதே கதி வரக்கூடாதென்று, 1856-இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மன்காரரை வனக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்று எண்ணிக் கணக்கு வைக்கும் முறை அவரிடமிருந்து தொடங்குகிறது. யானை இழுத்த கட்டையை ஓடையில் தள்ளினால் மழைவெள்ளம் அதை ஆற்றில் சேர்க்கும், ஆறு துறைமுகத்தில் சேர்க்கும். அந்த வசதி இருந்த இடங்களில் கயிறு முதலில் விழுந்தது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் இப்படி ஆற்றோடு வந்து கப்பல் ஏறியவைதான். 1885 போருக்குப் பிறகு சின்ட்வின் ஆற்றங்கரையும் மேல் ஐராவதியும் சேர்ந்தன. ஷான், கச்சின், சின் மலைகளைச் சோபுவாக்கள் என்ற ஷான் சிற்றரசர்களிடமும் மலைத் தலைவர்களிடமும் விட்டுவைத்து ஆண்டதால் அங்கே கோடு குறைவு, மரம் மிச்சம்.

இப்போது சட்டத்தில் மூன்று வகை. முதலாவது சோவைன். இரண்டாவது அந்த வட்டத்துக்கு வெளியே, ஆனால் வனத்துறைக் காவலில் இருக்கும் 'சோபியின் காகுவேத்தோ'. மூன்றாவது தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவை. முதல் இரண்டும் சேர்ந்து நாட்டின் 30 சதவீதம், மூன்றாவது 10 சதவீதம் என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு. மூன்றாவது வகையில் பெரியவை வடக்கே இருக்கின்றன. கச்சினில் ஹூக்காங் பள்ளத்தாக்குச் சரணாலயம் மட்டும் சுமார் 17,000 சதுர கிலோமீட்டர்.

நாட்டில் 42 சதவீதம் காடு என்று 2020-இல் உலக உணவு, வேளாண்மை அமைப்பு கணக்குக் காட்டியது. அதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மர நிழல் விழுந்தாலே அந்தக் கணக்கில் காடு. பெகு யோமாவில் பல இடங்களில் மிஞ்சியிருப்பது மூங்கில்தான். 2016-இல் அங்கே பத்தாண்டுக்கு மரம் வெட்டத் தடை போட்டதற்கும் அதுவே காரணம்.

யோமா அடிவாரத்தில் ஐந்து ஏக்கர் விலைக்கு வருகிறது. விற்பவர் இருபது வருடத் தீர்வை ரசீது காட்டுகிறார். வாங்கலாமா?
— வாசகர், நியாங்லெபின்

ரசீதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். தீர்வை கட்டியதற்கு அது சாட்சி. நிலம் அவருடையது என்பதற்குச் சாட்சி இல்லை. சோவைனுக்குள் மூன்று தலைமுறையாக உழுகிறவர்களும் இருக்கிறார்கள். சோவைன் எல்லையிலிருந்து நீக்கும் உத்தரவு வராதவரை அந்த வயலுக்கு, 2012 விவசாய நிலச் சட்டம் சொல்லும் பாரம் 7, அதாவது நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்று, கிடைக்காது.

முதலில் குவின் (நில அளவையில் வயல்களைப் பிரித்த தொகுதி) எண்ணையும், அந்தக் குவினுக்குள் மனையின் எண்ணையும் கேளுங்கள். வயல்வெளியைத்தான் குவின் குவினாக அளந்தார்கள், காட்டை அப்படி அளக்கவில்லை. விற்பவர் எண் சொல்லத் தடுமாறினால் அங்கேயே நின்றுவிடுங்கள். எண் இருந்தால் மியோநே (வட்ட) நில அளவை அலுவலகத்தில் பாரம் 105 வாங்குங்கள். மனையின் படமும் விவரமும் அதில் வரும். இத்தோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள், ஏமாறுவதும் இங்கேதான். நிலத் துறையின் படம் ஒன்று, வனத்துறையின் படம் வேறு. இரண்டும் ஒரே மேசையில் விரிக்கப்படுவது அபூர்வம். பாரம் 105-ஐ எடுத்துக்கொண்டு மியோநே வனத்துறை அலுவலகத்துக்குப் போய், சோவைன் எல்லை இந்த மனையைத் தொடுகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது. மைலுக்கு ஓரங்குலமாக வரைந்த பழைய படத்தில் ரிசர்வ் காட்டுக்கு ஆர்.எஃப். என்ற எழுத்தும் எல்லைக் கோடும் இருக்கும், ஆனால் அந்தப் படத்துக்குப் பின் சேர்த்ததும் நீக்கியதும் உண்டு. அதனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கரென் மலைப் பக்கம் நிலம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கரென் தேசிய யூனியனுக்கென்று தனி வனத்துறை இருக்கிறது. எந்தத் தாள் யார் கொடுத்தது என்பதை முதலில் பாருங்கள்.

எங்கள் அம்மன் கோயில் கொடிமரத்துக்கு ஒரு வீட்டுக்காரர் தம் முற்றத்துத் தேக்கைத் தருகிறார். வெட்டிவிடலாமா?
— கோயில் கமிட்டி, பெகு

பொறுங்கள். தேக்கு எந்த மண்ணில் முளைத்தாலும் அரசுக்கே என்பதுதான் இந்நாட்டின் நெடுங்கால வழக்கம். 2018 வனச் சட்டம் தன் நிலத்தில் நட்டு வளர்த்தவருக்கு உரிமை கொடுத்தது. ஆனாலும் வெட்டும் முன் அனுமதி வேண்டும். கட்டையில் சுத்தியல் முத்திரையும் லாரிக்கு வழிச்சீட்டும் இல்லாமல் கிளம்பினால், கோயில் காரியம் என்று சொல்லியும் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். நட்டவர் யார் என்பதற்கு வட்டார நிர்வாகியிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

அனுமதி கேட்கும்போதே நிற்கவைத்து உலர்த்தவும் கேட்டுப் பாருங்கள். கொடிமரம் முறுக்காமல் வெடிக்காமல் இருக்க அது நல்லது. அடியில் பட்டையை வளையமாக எடுத்து, வெளிறிய வெள்ளைக்கட்டையையும் முழுக்கச் செதுக்கி, பொன்பழுப்பான வைரம் தெரியும்வரை போகவேண்டும். விரல் அகலம் வெள்ளைக்கட்டை விடுபட்டாலும் அதன் வழியே நீர் ஏறி மரம் பிழைத்துக்கொள்ளும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும் என்பதால் யோமாவில் இப்படி மூன்றாண்டு உலரவிட்டுத்தான் வெட்டி ஆற்றில் விட்டார்கள். வீடுகள் நெருக்கமான தெருவென்றால் இந்த யோசனை வேண்டாம், பட்ட மரம் காற்றில் கிளையை உதிர்க்கும்.

நர்கிஸ் புயலில் அழிந்த அலையாத்திக் காட்டை ஊர்க்காரர்கள் சேர்ந்து திரும்ப வளர்க்க முடியுமா? நிலம் சோவைன் என்கிறார்கள்.
— வாசகி, போகலே

முடியும் அம்மா. சோவைனாக இருப்பது இங்கே உங்களுக்கு அனுகூலம். 1995 முதல் உள்ள சமூகக் காடு ஏற்பாட்டில், எல்லோரும் சி.எஃப். என்பதுதான் அது, ஊர்க்குழுவுக்கு 30 ஆண்டுக் குத்தகை கிடைக்கும், நீட்டிக்கவும் வழி உண்டு. குழு அமைத்து, தலைவர் செயலாளரைத் தேர்ந்து, மியோநே வனத்துறையில் மனுக் கொடுங்கள். அவர்கள் வந்து அளப்பார்கள். எந்த வருடம் எத்தனை ஏக்கர், என்ன மரம், எப்போது விறகெடுப்பது என்று ஒரு திட்டம் எழுதித் தரவேண்டும். அதன் பிறகு மாவட்ட அளவில் சான்றிதழ் வரும். அந்த நிலத்தை விற்கக் கூடாது. சான்றிதழ் வாங்கிவிட்டுத் திட்டப்படி நடாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

2008 மே 2 இரவு புயல் வருவதற்கு நெடுநாள் முன்பே டெல்டாக் காடு விறகுக்கும் கரிக்கும் நெல்லுக்கும் பெருமளவு போய்விட்டது. நெல் போட்ட இடத்தில் பழைய வரப்பு இன்னும் நிற்கும். அதை உடைக்காமல் கன்று வைத்தால் அலைநீர் உள்ளே வராது. உப்பு தேங்கி, முதல் கோடையிலேயே கன்று கருகும். வரப்பைப் பல இடத்தில் வெட்டிவிட்டு ஒரு மாதம் நீர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். தினம் இருமுறை நனையும் ஓடைக்கரைச் சேற்றில் சுரபுன்னையின் நீள்விதையை மூன்றில் ஒரு பங்கு புதையும்படி குத்துங்கள். நண்டு கடிக்கும், அதனால் கால்வாசி கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். பெரிய அலைக்கு மட்டும் நனையும் மேட்டில் கனசோ என்ற அலையாத்தி மரத்தை வையுங்கள். இடம் மாற்றி வைத்தால் இரண்டும் பிழைக்காது. கரையோரம் 'தனி' என்ற நிப்பா பனையை நட்டால் சில வருடத்தில் அதன் ஓலை கூரைக்கு ஆகும். மாடு இறங்கும் பக்கம் வேலி போட்டுவிடுங்கள்.

ரங்கூனிலிருந்து பிள்ளைகளைக் காலையில் கூட்டிப்போய் மாலையில் திரும்ப ஒரு காடு?
— வாசகி, ரங்கூன்

லோகா பூங்கா. மிங்கலாடோன் தாண்டி, ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரியைச் சுற்றி 1982-இல் அமைத்தது. மானும் குரங்கும் பார்க்கலாம். தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், கையில் கண்டால் குரங்கு பிடுங்கும்.