டக் டக் என்று தட்டும் டீசல் இன்ஜின்: பிக்கப் வண்டிக்காரர்களின் கேள்வி-பதில்

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி கடகடவென்று அடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. இன்ஜின் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறோம். இன்ஜின் குளிர்ந்திருந்தால் பற்றுவதற்குக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமும் ஒரே வீச்சில் எரிவதுதான் அந்த அடி. ஓரளவு இது டீசலின் இயல்பு. வழக்கத்தைவிட அதிகமாக அடித்து, கூடவே வெள்ளைப் புகையும் வந்தால் குளோ பிளக்குகளை (குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்குகள்) மீட்டர் வைத்துப் பாருங்கள். செத்துப்போனது எது என்று உடனே தெரிந்துவிடும். பிஸ்டனுக்கும் லைனருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்) இடைவெளி கூடினாலும் குளிரில் தட்டி, சூட்டில் அடங்கும். அதை வைத்துக்கொண்டே பல நாள் ஓட்டலாம். சூடாகச் சூடாகச் சத்தம் கூடினால்தான் பயப்பட வேண்டும்.

கேள்வி: ஐடிலிங்கில் ஒரே சீராக டக் டக். ஒரு மெக்கானிக் இன்ஜெக்டர் என்கிறார். இன்னொருவர் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் உடனே நம்ப வேண்டாம். இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் சாமான்; பேரிங் என்பது சுழலும் பாகங்களைத் தாங்கும் உலோக ஓடு. முதலில் ஆயில் பிரஷர். ஆயில் விளக்கு மின்னினாலே இன்ஜினை அணைத்துவிடுங்கள். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கு எரியாவிட்டாலும், ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு பாருங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவே கடைசி வார்த்தை.

பிரஷர் சரியாக இருந்தால், ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியானால், ஐடிலிங்கில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினால் போதும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஐடிலிங்கிலேயே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் இருக்கும். ரேஸ் செய்தால் 1000 பாரைத் தாண்டிவிடும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும். ஆனாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. இந்த வண்டிகளில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) மூலம் சிலிண்டரை நிறுத்துங்கள். ஸ்கேனர் இல்லையா? சாவியை அணைத்து, இன்ஜெக்டரின் ஒயர் பிளக்கைக் கழற்றிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் மறைகிறதோ, கோளாறு அங்கே. சரி, அங்கே என்ன கோளாறு? பலரும் சறுக்குவது இங்கேதான். டீசல் சொட்டும் இன்ஜெக்டரானாலும், தேய்ந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) பேரிங்கானாலும், அந்தச் சிலிண்டரில் எரிதல் நின்றால் சத்தம் குறையும். நானே ஒருமுறை இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஒரு இன்ஜினை இறக்கிப் பிரித்தேன். பேரிங் புதுசு போல இருந்தது. கோளாறு இன்ஜெக்டரின் நுனியான நாசிலில்.

அதனால் இன்னொரு படி உண்டு. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். செம்பு வாஷர் புதிதாக வேண்டும்; தனி அடையாளக் குறியீடு (code) கேட்கும் காமன் ரெயில் இன்ஜெக்டரானால் இடம் மாறியதும் அந்தக் குறியீட்டையும் ஸ்கேனரில் மாற்ற வேண்டும். சத்தமும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர். இருந்த இடத்திலேயே தட்டினால் பேரிங், பிஸ்டன் பின் மாதிரி உள் சாமான். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தும் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுங்கும் தூள், காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் அது பெரும்பாலும் பேரிங் உலோகம்.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் நிற்கும் என்கிறார்களே?

பதில்: கொஞ்ச நாள் அமுங்கும். தேய்மானம் நிற்காது. வண்டியை விற்க நினைப்பவர்களின் வைத்தியம் அது.

கேள்வி: கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறது, விட்டால் மறுபடி கடகட. இன்ஜினா?

பதில்: கிளட்ச் பக்கம் பாருங்கள். உங்கள் வண்டியில் இரட்டை ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்த சக்கரம்) இருந்தால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து ஐடிலிங்கில் இப்படித்தான் அடிக்கும். அணைக்கும்போதும் ஒரு உலுக்கல் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால், டார்க் கன்வர்ட்டரை (கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் சாமான்) இன்ஜினோடு பிடிக்கும் மெல்லிய தகட்டில் விரிசலோ போல்ட் தளர்வோ இருந்தால் பேரிங் தட்டுவது போலவே கேட்கும்.

கேள்வி: பேரிங் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுபடி தட்டுகிறது.

பதில்: கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) மைக்ரோமீட்டரில் அளந்தார்களா என்று கேளுங்கள். கிராங்க் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புதுப் பேரிங் நிற்காது. லேத்தில் சாணை பிடித்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் (மெலிந்த கிராங்குக்கு ஏற்ற) பேரிங் போட வேண்டும். ராடின் பெரிய வாயும் வட்டம் கெட்டிருக்கலாம். ஆயில் வழிகளையும் ஆயில் கூலரையும் கழுவாமல் பூட்டியிருந்தால், பழைய பேரிங்கின் தூளே புதியதைத் தின்றிருக்கும்.

இன்னொன்று: டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறதா? டீசல் கலந்து ஆயில் நீர்த்துப் போகிறது என்று பொருள். இன்ஜெக்டர் ஒழுகலாம். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டியில், அதில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது அடிக்கடி பாதியில் நின்றாலும் இப்படி ஆகும். இதைச் சரி செய்யாமல் எத்தனை பேரிங் போட்டாலும் வீண்.

கேள்வி: தண்ணீர் தேங்கிய சாலையில் வண்டி நின்றுவிட்டது. உலர்த்தி ஸ்டார்ட் செய்தோம். ஓடுகிறது, ஆனால் தட்டுகிறது.

பதில்: இனி ஓட்டாதீர்கள். தண்ணீரை நெருக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் அதில் முட்டி ராடு வளைந்திருக்கும். கம்ப்ரஷன் பார்த்தால் அந்தச் சிலிண்டர் குறைவாகக் காட்டும். உறுதி செய்ய, குளோ பிளக் ஓட்டை வழியாக டயல் கேஜ் விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளக்கலாம். எது குட்டையோ அதன் ராடு வளைந்தது. நிமிர்த்திப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ராடு ஒருநாள் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.