புரூம் பிரபு ஜின் குடுவை: அடியில் ‘இங்கிலாந்து’ என்றிருந்தால் 1832-ஆ?

இல்லை. 1832-ல் பிரிட்டனில் வாக்குரிமையை விரிவாக்கிய சீர்திருத்தச் சட்டத்தை ஆதரித்த அரசியல்வாதி புரூம் பிரபு. அப்போது அவர் உருவில் ஜின் என்ற சாராயத்துக்கு மண் குடுவைகள் செய்தார்கள். அடியில் ‘இங்கிலாந்து’ என்று பொறித்த குடுவையை 1832 சரக்கு என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம்தான் காரணம். 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று காட்ட வேண்டும். பிரிட்டிஷ் மண்பாண்டங்களில் நாட்டுப் பெயர் பரவலானது அதன் பிறகே. சீர்திருத்தச் சட்ட அமளியில் புரூம், பிரதமர் கிரே பிரபு, மன்னர் நான்காம் வில்லியம் உருவங்களில் வந்த குடுவைகளில் முத்திரை இருந்தால் பெரும்பாலும் பட்டறைப் பெயரும் ஊரும்தான் இருக்கும், ‘டோல்டன் அண்ட் வாட்ஸ், லாம்பெத்’ என்பது போல. (லார்டு சான்சலர், அதாவது நாட்டின் நீதித்துறைத் தலைமைப் பதவியில் இருந்த புரூமையே சாராயக் குடுவை ஆக்கியிருக்கிறார்கள், குசும்பைப் பாருங்கள்!)

வாங்குமுன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பைப் பாருங்கள். அசலில் இருப்பது உப்பு மெருகு. கொதிக்கும் சூளைக்குள் உப்பை வீசி உண்டாக்குவது. ஆரஞ்சுத் தோல் போல நுண்குழிகள் தெரியும். ஒரே வழவழப்பாக மின்னினால் ஒதுங்கிவிடுங்கள்.

ஒன்று: முத்திரை இல்லாததெல்லாம் பழசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அசலிலும் முத்திரையில்லாதவை உண்டு, நகலில் அதைத் தேய்த்து அழிப்பவர்களும் உண்டு. அடிப்பாகத்தில் ஓரிடம் மட்டும் சொரசொரப்பாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.